இரண்டாவது பெயர்

பதினான்காம் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்கிறது
மன்னார்குடிக் கூட்டுறவு வங்கியின் கடிதம்.
உதவியாளர். நிரந்தரம். பஸ்ஸில் அரை மணி.
என் பெயரை ஜுலைகாபீவி என்று ஒட்டி அடித்திருக்கிறார்கள்,
பிரித்தால் சம்பளம் குறைந்துவிடும் போல.

ராட்டர்டாமிலிருந்து வந்தது கடிதம்கூட இல்லை,
நாலு வரி மெயில்.
கடலுக்குக் கீழே கிடக்கும் ஊரில்
உப்பேறிய மண்ணை நாலு வருஷம் ஆராயும் வேலை.
நீங்கள் இரண்டாவது பெயர்.
முதல் பெயர்க்காரர் மறுத்தால் உங்களுக்கு.
மாதக் கடைசிக்குள் சொல்கிறோம்.

கூத்தாநல்லூரில் சபர் என்பது
ஆண்களுக்கு இருபது வயதில் வரும் காய்ச்சல்.
அத்தாவுக்கு வந்தது
குவைத்தில் இருபத்திரண்டு வருஷம் இறங்கவே இல்லை.
இன்றைக்கும் தக்காளி விலையைத்
தினாரில் வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுகிறார்.
அவரிடம் கேட்டேன்.
வங்கிக் கடிதத்தை வாங்கி,
முத்திரையை விரலால் தடவி,
மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டிவிட்டு
அஸர் தொழுகைக்குப் போய்விட்டார்.

அம்மா நேராகச் சொன்னாள்:
கையில இருக்கிறதுதான் சோறு.
மத்ததெல்லாம் வாட்ஸப்.

மேட்டூர் திறந்தாயிற்று என்று டிவி சொல்லி எட்டு நாள்.
வெண்ணாறு இன்னும் மணலாகவே கிடக்கிறது.
அக்கரையில் ஒருவர், வரும் என்று நம்பி,
புழுதியிலேயே விதைத்துவிட்டார்.
பக்கத்து வயல்காரர் விதைக்கவில்லை.
இரண்டு வயலும் இன்றைக்கு ஒரே நிறம்.

பத்தாம் தேதி இரவு தெரியாத எண்.
அக்கா, நான் கொரடாச்சேரி தமிழ்க்கொடி.
பேங்க் லிஸ்ட்ல உங்களுக்கு அடுத்த பேரு.
கேக்கக் கூடாதுதான்.
பின்னால் ஒரு குழந்தை
கிண்ணத்தால் தரையை அடித்துக்கொண்டிருந்தது.
நீங்க சேரப் போறீங்களா?
தெரியல, என்றேன்.
சரிக்கா, என்றாள். வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.
கொஞ்ச நேரம் கிண்ணம் மட்டும் பேசியது.

அதற்குப் பிறகு எங்கே தூங்க?
ராட்டர்டாமின் முதல் பெயர்க்காரனுக்கு
ஒரு ஊர் கொடுத்தேன்.
ஓர் அம்மாவைக் கொடுத்தேன்.
அவள் வாயில் சோற்றையும் வாட்ஸப்பையும் வைத்தேன்.
அவன் எண் கிடைத்திருந்தால்
நானும் கேட்டிருப்பேன், கேட்கக் கூடாததை.
ராத்திரி ஒன்றரைக்கு மெயில் போட்டேன்:
அவர் என்ன சொல்கிறார்?
மறுநாள் மதியம் ஒற்றை வரி:
இன்னும் யோசிக்கிறார்.

அப்படி என்னடா யோசனை என்று
முகம் தெரியாதவன் மேல் கோபம் வந்தது.
அரிசி களைந்துகொண்டிருக்கும்போதுதான் உறைத்தது,
கொரடாச்சேரியில் ஒருத்தி
இதே கோபத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

பன்னிரண்டாம் தேதி
சோற்றைப் பிசைந்தபடி அத்தா கேட்டார்:
அங்கே குளிரும்ல?
குளிரும்.
குவைத்ல வாங்கின ஜாக்கெட் ஒண்ணு கிடக்கு.
ஜிப் போயிருச்சு.
அவ்வளவுதான்.
சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.
மறுப்பு என்றும்.
அம்மா மீன் முள்ளை எடுப்பதில்
என்றுமில்லாத கவனமாக இருந்தாள்.

பதிமூன்று காலை, லெட்சுமாங்குடி ஸ்டாப்பில் நின்று
தமிழ்க்கொடியைக் கூப்பிட்டேன்.
போட்டோ ரெண்டுன்னு போட்டிருக்கும்,
நம்பாதீங்க, நாலு எடுத்துக்கங்க.
மெடிக்கல் சர்டிபிகேட் அரசு டாக்டர்கிட்ட வாங்கணும்,
அவர் பதினோரு மணிக்கு மேலதான் வருவார்.
அக்கா, என்றாள்.
அப்ப உங்களுக்கு வேற வேலை கெடச்சிருச்சா?
இல்ல, என்றேன்.

மன்னார்குடி பஸ் வந்தது.
ஒரு கையில் மறுப்புக் கடிதம்,
இன்னொன்றில் ஜிப் போன ஜாக்கெட்.
சீட் இல்லை.
கம்பியைப் பிடிக்கக் கையும் இல்லை.